எழவில்லை

3 பிப்ரவரி 1971, புதன்

ஓட்டுக் கேட்டு வந்த எம்.எல்.ஏ. முகத்தில் நான் கதவைச் சாத்தினேன் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். சாத்தவில்லை. அவர் வருவதற்கு முன்பும் கதவு திறந்திருந்தது, போன பிறகும் திறந்திருந்தது. நான் ஒரு கேள்வி கேட்டேன், அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நடந்தது இவ்வளவுதான்.

கேள்வி இது. பீங்கான் காலனியில் பிரசவ விடுதி கட்டி, ரிப்பன் வெட்டி, இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஏன் பூட்டிக் கிடக்கிறது? கட்டடம் இருக்கிறது, நான்கு கட்டில் இருக்கிறது, மருத்துவச்சி இல்லை.

எம்.எல்.ஏ. ராஜாங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்குறேன்" என்றார்.

"பார்த்துக்கொண்டிருக்க நானே போதுமே" என்றேன்.

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். கதவு சாத்தின சத்தம் என்று ஊர் சொல்வது அதுதான் போலிருக்கிறது.

இது பற்றி அவருக்கு ஒன்பது கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'எழுத்தில் பதில் தேவை' என்று குறிப்பிட்டேன். ஒன்பதுக்கும் ஆள்தான் வந்தது. "ஐயா பாத்துக்கறேன்னு சொல்லச் சொன்னாருங்க." சொல்லச் சொன்னதை நான் எந்தக் கோப்பில் வைப்பது?

5 பிப்ரவரி, வெள்ளி

வீரம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவருக்காக வாதாடினாள். இந்த வீட்டில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள், வாதாடும் உரிமை உண்டு.

"எங்க மாமியா சாவுக்கு வந்து பாடைக்குத் தோளு குடுத்தாரும்மா. எந்த எம்மெல்லே குடுப்பான்?"

"தோள் கொடுக்க உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அவரைச் சென்னைக்கு அனுப்பியது வாய் திறக்க."

"வாயி எல்லாரும்தாம்மா தெறக்குறாங்க."

அவள் மகள் வாசுகிக்கு இது ஏழாம் மாதம். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலையைத் தை பிறந்ததோடு நிறுத்திவிட்டாள். முதல் குழந்தை 1969 ஆடியில், மாட்டு வண்டியில், ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகக் காத்து நின்ற நேரத்தில் பிறந்தது. அழவேயில்லை. காலனியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி கிடையாது. பூட்டிக் கிடக்கும் விடுதியோ வாசுகி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

சித்திரை பிறந்ததும் பிரசவம். அதற்குள் அந்தப் பூட்டு திறக்குமா? எனக்கு இந்தத் தேர்தலில் இந்த ஒரு கேள்விதான்.

8 பிப்ரவரி, திங்கள்

ஒரு எம்.எல்.ஏ. வேலை செய்தாரா இல்லையா என்பதைத் தோள் கொடுத்ததை வைத்தும் காதுகுத்துக்கு வந்ததை வைத்தும் தீர்மானிக்கக் கூடாது. பேசியது அச்சில் இருக்கும். கிளை நூலகர் ஜெயராஜிடம் சொல்லி, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புத் தொகுதிகளைக் கடலூரிலிருந்து வரவழைக்கக் கேட்டிருக்கிறேன். "இத யாருமே கேட்டதில்லீங்களேம்மா" என்றார். அதனால்தான் ஊர் இப்படி இருக்கிறது.

11 பிப்ரவரி, வியாழன்

பன்னிரண்டு தொகுதிகள். தள்ளுவண்டியில் வந்தன. எல்லாம் தமிழில்.

14 பிப்ரவரி, ஞாயிறு

கண்ணில் நீர் வடிகிறது, ஆனால் முடித்துவிட்டேன். அவர் பெயர் வரும் பக்கங்களை மட்டும் தேடினேன். நான்கு வருடத்தில் ஒரே ஒரு இடம். 1969. பிரசவ விடுதி பற்றியதுதான். 'அ, ஆ' என்று இரண்டு பகுதியாகக் கேள்வி. ராஜாங்கம் பெயர். கீழே:

(அ) இல்லை.
(ஆ) எழவில்லை.

மூன்று முறை படித்தேன். கேள்வியைக் கொடுத்துவிட்டுப் பேசினாரா என்றால், இல்லை என்கிறது. பெயரை அழைத்தபோது எழுந்தாரா என்றால், எழவில்லை. எழுந்து நிற்கக்கூட முடியாத மனிதருக்கு ஒன்பது கடிதம் எழுதினேன்.

நான் படித்த ஆங்கிலக் கான்வென்டில் மதர் எங்கள் பெயரைக் கூப்பிட்டால் காய்ச்சலோடும் எழுந்து நிற்போம்.

15 பிப்ரவரி, திங்கள்

எதிர்த்து நிற்பவருக்காக ஓட்டுக் கேட்கும் கோவிந்தசாமி வந்தார். டீக்கடை வைத்திருப்பவர், மரியாதை தெரிந்தவர். யாருக்குப் போடுவேன் என்று கேட்டார். சொல்லவில்லை. ஆனால் படித்ததைச் சொன்னேன். "நான்கு வருடத்தில் ஒரு முறை பெயர் அழைத்திருக்கிறார்கள். எழவில்லை. அச்சில் இருக்கிறது, பக்கம் காட்டட்டுமா?"

அவர் பக்கம் பார்க்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

17 பிப்ரவரி, புதன்

நோட்டீஸ் வந்துவிட்டது. 'பேர் கூப்பிட்டும் எழாத எம்.எல்.ஏ. நமக்கு எதற்கு?' ஒலிபெருக்கி வண்டி தெருவைச் சுற்றுகிறது: "நம்ம கான்வென்ட் அம்மாவே படிச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க!"

என் அனுமதி இல்லாமல் என்னைச் சொன்னதற்குக் கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. இந்த டைரியில் பொய் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

19 பிப்ரவரி, வெள்ளி

பிள்ளைகள் ராஜாங்கத்தின் ஜீப்புக்குப் பின்னால் "எந்திரிங்க எம்மெல்லே, எந்திரிங்க" என்று கத்திக்கொண்டு ஓடுகின்றன. அவர் இப்போது ஜீப்பில் உட்காருவதே இல்லையாம். கம்பியைப் பிடித்து நின்றபடியே மங்கலம்பேட்டை வரை போய் வருகிறாராம். வீரம்மாள் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் முறத்தைத் தட்டினாள்.

"பாவம்மா. காலு வீங்கிக் கெடக்குதாம்."

நான் என்ன செய்ய? அச்சில் இருப்பதைத்தான் சொன்னேன்.

22 பிப்ரவரி, திங்கள்

தொகுதிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பக்கத்தில் நான் வைத்த காகிதத் துண்டு அப்படியே இருந்தது. ஜெயராஜ் பிரித்துப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்கக் கூடாது. நோட்டீஸுல போட்டது இந்த எடத்தத்தானுங்களா?"

"ஆமாம்."

"இது எம்மெல்லே எந்திரிக்கலன்னு இல்லீங்கம்மா. கேள்வி எழலன்னு அர்த்தம். இது மந்திரி சொன்ன பதிலு."

எனக்குப் புரியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வேறு பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். எழவில்லை. எழவில்லை. பக்கத்துக்குப் பக்கம் எழவில்லை. ஏரி தூர்ந்துபோனது பற்றிய கேள்வி எழவில்லை, பள்ளிக்கூட ஓடு பற்றிய கேள்வி எழவில்லை. நான் ராஜாங்கம் பெயரை மட்டும் தேடினேன். மற்ற பக்கங்களை ஒரு முறை பார்த்திருந்தால் – இருநூற்றுச் சொச்சம் பேருமா நான்கு வருடம் உட்கார்ந்தே இருந்திருப்பார்கள்?

டஸ் நாட் அரைஸ், அந்தக் கேள்விக்கே இடமில்லை. என் கணவர் முப்பது வருடம் தாலுகா கச்சேரியில் மனு மனுவாக எழுதிய சொல். ஆங்கிலத்தில் இருந்திருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பேன். தமிழில் வந்ததும் ஒரு மனிதர் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பதாக நானே படம் போட்டுக்கொண்டேன். யாரையாவது கேட்டேனா? நான் எதற்குக் கேட்பேன், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஊரே சொல்லிக்கொண்டு திரிகிறது. என் பேரைச் சொல்லி.

23 பிப்ரவரி, செவ்வாய்

மந்திரி முதலில் சொன்ன அந்த 'இல்லை' எதற்கு என்று இன்று சரியாகப் படித்தேன் – ஜெயராஜிடம் சொல்லித் தொகுதியைத் திரும்ப வாங்கி வந்தேன். கேள்வி: (அ) விடுதியில் மருத்துவச்சிப் பணியிடம் காலியாக உள்ளதா? (ஆ) ஆம் எனில், எப்போது நிரப்பப்படும்? காலியாக இல்லை என்கிறார் மந்திரி. அதனால் நிரப்புவது என்ற கேள்வியே எழவில்லை.

பணியிடம் என்று ஒன்றை உண்டாக்கவே இல்லை. இல்லாத இடம் எப்படிக் காலியாக இருக்கும்? இவ்வளவு முட்டாள்தனமாகக் கேள்வியை யார் எழுதினார்கள் என்று எரிச்சல்பட்டு, என் கடித நகல்களை எடுத்துப் பார்த்தேன்.

முதல் கடிதம், 1968 டிசம்பர். 'மருத்துவச்சிப் பணியிடம் காலியாக உள்ளது. எப்போது நிரப்பப்படும்?'

வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது.

24 பிப்ரவரி, புதன்

எழுதலாமா என்று நினைத்தேன். பத்தாவது கடிதம். வேண்டாம் என்று காலையில் வீரம்மாளைக் கூட்டிக்கொண்டு ராஜாங்கத்தின் வீட்டுக்கே போனேன். நாலு வருடத்தில் முதல் முறை. அவர் மனைவி கனகா எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள். அவர் தூண் ஓரம் நின்றார்.

"உட்காருங்கள்" என்றேன்.

"வேணாம்மா. உக்காந்தா திரும்பி எந்திரிக்கலன்னு நோட்டீஸு போட்டுருவாங்க."

வீரம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நான் படித்தது தவறு, சொன்னது தவறு, இரண்டையும் திருத்துவேன் என்று. பிறகு நான் கேட்டேன், "என் கடிதத்தில் இருந்ததை ஏன் அப்படியே கேட்டீர்கள்? விசாரித்து மாற்றிக் கேட்டிருக்கலாமே?"

"உங்க எழுத்துல நான் கைய வைக்கிறதாம்மா?"

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்து வந்தார். 1967 ஏப்ரல். ஜெயித்ததும் என் வாழ்த்துக்கு நன்றி சொல்லி அவர் எனக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். முழுக்க என்னுடைய சிவப்பு மை. பதினான்கு இடங்களில் திருத்தம். அடியில் என் கையெழுத்தில், 'மீண்டும் எழுதி அனுப்பவும்'.

எனக்கு மறந்தே போயிருந்தது. நல்லது செய்வதாக நினைத்திருப்பேன்.

"மூணு நாளு உக்காந்து எழுதினேம்மா அத" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. "அதுக்கப்பறம் உங்களுக்கு எழுதணும்னு பேனாவ எடுத்தா கை ஓடாது. ஆள அனுப்பிச்சுருவேன்."

கனகா உள்ளேயிருந்து சொன்னாள்: "மந்திரிக்கு எழுதுவாரு, கலெக்டருக்கு எழுதுவாரு. உங்க பேரச் சொன்னா மட்டும் பேனாவ மூடி வச்சுருவாரு."

அந்த 'எழவில்லை' பதிலுக்குப் பிறகுதான் பணியிடமே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சட்டமன்றத்தில் மறுபடி கேட்கவில்லை. கடலூருக்கும் சென்னைக்குமாக நடந்திருக்கிறார். போன மாதம் பணியிடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாம், ஆள் போட வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு என் வாசலில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கையில ஆர்டர் இல்லாம உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது? எழுத்துல எங்கன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன்.

26 பிப்ரவரி, வெள்ளி

திருத்தத்தை எழுதி, ஜெயராஜிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் ஒற்றுப் போடச் சொன்னார். போட்டேன்.

காலனியில் எதிர்க்கட்சிக் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு. உடைந்த கோப்பையும் கைப்பிடி போன ஜாடியுமாகக் குவிந்து கிடக்கிற திடலில் பந்தல். தவறு எங்கே பரவியதோ அங்கேதான் அதைத் திருத்த வேண்டும். நான் அவர்களை ஆதரித்துப் பேச வந்திருப்பதாக நினைத்துக் கோவிந்தசாமி முன் வரிசையில் நாற்காலி போட்டார். முதல் பேச்சாளர் 'எழாத எம்.எல்.ஏ.' என்று தொடங்கியதும் எழுந்து நின்றேன். மைக் வேண்டும் என்று கேட்கவில்லை. கான்வென்டில் குரல் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எழவில்லை என்றால் உறுப்பினர் எழவில்லை என்று பொருள் இல்லை, கேள்வி எழவில்லை என்று பொருள். தவறாகப் படித்தது நான். தவறான கேள்வியை எழுதிக் கொடுத்ததும் நான். நான்கு வருடத்தில் சட்டமன்றத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அது உண்மை, அதை வைத்து நீங்கள் அவரைத் திட்டலாம். எழவில்லை என்று மட்டும் திட்டக் கூடாது. இவ்வளவுதான் படித்தேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "அப்ப நர்ஸம்மா எப்பத்தான் வருவாங்க?"

"ஒப்புதல் வந்துவிட்டது என்கிறார். எழுத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

கோவிந்தசாமி பந்தலுக்கு வெளியே வரை கூட வந்தார்.

"எங்க கூட்டத்துலயே வந்து எங்களக் கவுத்துட்டீங்களேம்மா. கட்டுக் கட்டா நோட்டீஸு கெடக்குது, அத என்னா பண்றது?"

"பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுங்கள், எழுதிப் பழகட்டும்."

அவர் சிரித்துவிட்டார். நானும். எத்தனை நாளாகச் சிரிக்கவில்லை?

27 பிப்ரவரி, சனி

நன்றாகத் தூங்கினேன். விடிந்து வெகு நேரம் கழித்து வீரம்மாள் வந்துதான் எழுப்பினாள். "எழலன்னு நோட்டீஸு போட்டுரட்டுமாம்மா?" என்றாள். பதினோரு வருடத்தில் இவள் இப்படிப் பேசியதில்லை.

4 மார்ச், வியாழன்

வாக்களித்தேன். யாருக்கு என்று இங்கேயும் எழுதமாட்டேன். ஆனால் பெட்டியில் போடும்போது இந்த முறை கை நிதானமாக இருந்தது. கடிதம் எழுதி எழுதி ஒரு மனிதரை எடை போட்டுவிடலாம் என்று இருந்தேன். வேலை செய்தது அவர் கால். அதற்கு எந்தத் தொகுதியிலும் பக்கம் இல்லை. என்றாலும் ஒரே ஒரு கேள்வி என்பது குறைவுதான். அடுத்த முறை யார் வந்தாலும் அதை விடமாட்டேன்.

11 மார்ச், வியாழன்

மாசி மகக் கூட்டம், ஆற்றங்கரை முழுக்க ஜனம். அந்த நெரிசலுக்குள் செய்தி வந்தது. ராஜாங்கம் நூற்று எண்பத்தாறு ஓட்டில் ஜெயித்தார்.

நூற்று எண்பத்தாறு. நான் அன்று எழுந்து நிற்காமல் இருந்திருந்தால்?

நின்றேன். போதும்.

29 மார்ச், திங்கள்

கமலம் என்ற மருத்துவச்சி இன்று பொறுப்பேற்றாள். திருச்சிப் பக்கம், முப்பது வயது இருக்கும், நகம் ஒட்ட வெட்டியிருக்கிறாள், எனக்குப் பிடித்தது. பூட்டு துருப்பிடித்துப்போய் சாவி திரும்பவில்லை. பீங்கான் ஷெட்டிலிருந்து ஃபிட்டர் வந்து உடைத்தார். ராஜாங்கம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். ரிப்பன் இல்லை, மாலை இல்லை. வீரம்மாளும் இன்னும் நாலு பெண்களும் உள்ளே போய்க் கட்டில்களைத் துடைத்தார்கள்.

சிவப்பு மைப் புட்டியை வாசுகிக்குக் கொடுத்தேன், பொம்மைக்கு உதடு எழுதட்டும் என்று. அவள் மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "சூளைல போனா இருந்த எடம் தெரியாம போயிடும்மா இது." சரி, போகட்டும் என்றேன்.

15 ஏப்ரல், வியாழன்

காலை ஒன்பது மணிக்கு வாசுகி வீட்டிலிருந்து விடுதிக்கு நடந்தே போனாள். பதினொன்றே காலுக்குப் பெண் குழந்தை. அழுத சத்தம் வாசல் வரை கேட்டது. வீரம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூரத்தில் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போனது, கேட் சாத்தியிருக்கும். எங்களுக்கு என்ன.

19 ஏப்ரல், திங்கள்

இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

மதிப்பிற்குரிய திரு. ராஜாங்கம் அவர்களுக்கு,

பீங்கான் காலனிப் பிரசவ விடுதியில் 15ஆம் தேதி முதல் குழந்தை பிறந்தது. தாயும் குழந்தையும் நலம். நன்றி.

மருத்துவச்சி கமலத்தின் பணி ஆணையை வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு மட்டும் என்றிருக்கிறது. செப்டம்பரோடு முடிகிறது. காலனியில் இன்னும் ஏழு பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள், அவர்களில் மூவருக்கு அக்டோபர். இந்தப் பணியிடம் நிரந்தரமாக்கப்படுமா? சட்டமன்றம் கூடும்போது கேட்க வேண்டுகிறேன். என் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரித்து, தவறு இருந்தால் திருத்திக் கேளுங்கள்.

ஆள் அனுப்ப வேண்டாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ, எப்படி வருகிறதோ அப்படி, தங்கள் கைப்பட எழுதுங்கள். வருவதை வந்தபடியே கோப்பில் வைத்துக்கொள்வேன்.

எழுத்தில் பதில் தேவை.

அம்புஜவல்லி